அரசவைச் சீமாட்டிகளின் நினைவுக்குறிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளில் வாழ்ந்த பெண்கள் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளை நண்பர்கள் சிலர் கூடி மாதந்தோறும் படித்து வருகிறோம். புதிதாக வந்து சேருபவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்து, என்னால் இயன்ற விடைகளையும் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. சிக்கலானவை போகப்போக வரும்.

நினைவுக்குறிப்பு என்றால் டைரிதானே? எதற்கு இரண்டையும் பிரித்துப் பேசுகிறீர்கள்?

நாட்குறிப்பு எழுதுபவருக்கு நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. நினைவுக்குறிப்பு எழுதுபவருக்கோ கதையின் முடிவு முன்னமே தெரியும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை அன்றன்று எழுதிவைத்தது முதல் வகை. ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் இளவரசி வில்ஹெல்மினே தன் சிறுமிப் பருவத்தைப் பற்றி முப்பது வயதில் எழுதியது இரண்டாம் வகை. இங்கிலாந்து அரசியிடம் ஊழியம் பார்த்த ஃபேனி பர்னி நாட்குறிப்பும் கடிதமும் எழுதினார். அவற்றில் அந்தந்த நாளின் களைப்பும் எரிச்சலும் ஆறாமல் இருக்கின்றன.

கடிதம் இன்னொரு வகை. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் தம்பி மனைவியான லீசலோட்டெ, தன் கடிதங்களை அஞ்சலில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று அறிந்தே, படிப்பவர்களுக்கும் உறைக்கட்டும் என்று சில வசைகளைச் சேர்த்து எழுதியவர். எந்த வகை நூலானாலும், இது யார் கண்ணில் படும் என்று நினைத்து எழுதப்பட்டது என்ற கேள்வியோடு திறந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யாருடையதை முதலில் படிக்கலாம்?

என்னைக் கேட்டால் லா தூர் து பான் சீமாட்டியில் தொடங்கச் சொல்வேன். 1770-இல் பிறந்த இவர், பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் அவையையும் பிரெஞ்சுப் புரட்சியையும் அமெரிக்கப் பண்ணை வாழ்க்கையையும் பார்த்துவிட்டு, 1820-ஆம் ஆண்டின் முதல் நாளில் எழுத உட்கார்ந்தார். அலங்காரம் இல்லாத, விரைவான நடை அவருடையது. அதன்பின் அதே அரசியின் தலைமைப் பணிப்பெண்ணாக இருந்த காம்பான் அம்மையாரின் நூலைப் படித்தால், ஒரே அவையை இரண்டு வாசல்கள் வழியாகப் பார்த்ததாகும்.

ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீன், அவருடைய தோழியாகத் தொடங்கிப் பின்பு விலகிப்போன தாஷ்கோவா கோமகள் ஆகிய இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. வில்ஹெல்மினேயைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரிலும் கூர்மையான நாக்கு அவருக்குத்தான், ஆனால் எதை எவ்வளவு நம்புவது என்பதில் கொஞ்சம் பழக்கம் வந்தபின் படித்தால்தான் அவருடைய அருமை விளங்கும்.

ஜெர்மனியில் பிறந்தவரும் ரஷ்யாவில் வாழ்ந்தவரும் எதற்காகப் பிரெஞ்சில் எழுதினார்கள்?

அக்காலத்து ஐரோப்பிய அரசவைகளுக்குப் பிரெஞ்சு பொதுமொழியாக இருந்தது. பிரபுகுலக் குழந்தைகள் பிரெஞ்சுச் செவிலியரிடமும் ஆசிரியரிடமும் வளர்ந்தார்கள். கடிதமும் காதலும் சண்டையும் அந்த மொழியிலேயே நடந்தன. வில்ஹெல்மினே, கேத்தரீன், தாஷ்கோவா மூவரும் தங்கள் வாழ்க்கையைப் பிரெஞ்சில்தான் எழுதினார்கள்.

அரசவைப் பெண்கள் நாள் முழுவதும் என்னதான் செய்வார்கள்? அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா?

உட்காருவதே அங்கே பெரிய விஷயம். பிரெஞ்சு அரசரின் வெர்சாய் அரண்மனையில் அரசியின் முன்னிலையில் முதுகு சாயாத சிறு முக்காலியில் அமரும் உரிமை கோமகன்களின் மனைவியர் போன்ற மிகச் சிலருக்கே இருந்தது. மற்றவர்கள் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அரசர் முன் முறைப்படி அறிமுகமாவதற்கே, குடும்பத்தின் பிரபுத்துவம் 1400-ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தொடர்கிறது என்று ஆவணங்களோடு காட்ட வேண்டும் என்பது விதி; அரசரின் தயவால் விலக்குப் பெற்றவர்களும் உண்டு. அந்த அறிமுக நாளுக்காக லா தூர் து பான் சீமாட்டி 1787-இல் நடன ஆசிரியரிடம் பாடம் எடுத்துக்கொண்டார். அந்தப் பருத்த ஆசிரியர் பாவாடை கட்டிக்கொண்டு அறையின் மறுகோடியில் அரசியாக நிற்பாராம். இவர் மும்முறை வணங்கி நெருங்கி, கையுறையைக் கழற்றி, குனிந்து, பிறகு நீண்ட பின்தானை காலில் சிக்காதபடி பின்னோக்கி நடந்தே வெளியேறப் பழக வேண்டும். தெருக்கூத்து ஒத்திகைதான்.

காலையில் அரசி உடுத்துவது இதைவிட விசித்திரமானது. அன்றைய ஆடைகளைத் தேர்ந்தெடுக்கத் துணி மாதிரிகள் ஒட்டிய ஏடு ஒன்று கொண்டுவரப்படும். வேண்டியவற்றில் அரசி குண்டூசி குத்திக் காட்டுவார். 1782-ஆம் ஆண்டுக்குரிய அப்படி ஓர் ஏடு பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. உள்சட்டையை அரசிக்கு எடுத்துக் கொடுப்பது, அந்த நேரத்தில் அறையில் இருப்பவர்களில் உயர்ந்த தகுதியுடையவரின் உரிமை. ஒரு குளிர்காலக் காலையில் ஆடையின்றி நின்ற அரசிக்குக் கொடுப்பதற்காகக் காம்பான் உள்சட்டையைக் கையில் விரித்து வைத்திருந்தார். தலைமைத் தோழி உள்ளே வந்தார், கையுறையைக் கழற்றிவிட்டுச் சட்டையை வாங்கினார். கதவைச் சுரண்டும் ஒலி கேட்டது (அங்கே கதவைத் தட்டக் கூடாது, விரலால் சுரண்டத்தான் வேண்டும்). ஓர்லியான் கோமகள் வந்தார். அவர் இன்னும் உயர்ந்தவர், ஆனால் தோழி நேராக அவர் கையில் கொடுக்கக் கூடாது. ஆகவே சட்டை காம்பானிடம் திரும்பி வந்து, அவர் வழியாகக் கோமகளிடம் போனது. மறுபடி சுரண்டல் ஒலி. இம்முறை வந்தவர் அரசரின் தம்பி மனைவி, கோமகளுக்கும் மேலானவர். இத்தனை நேரமும் அரசி மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நின்றார். கடைசியில் வந்தவர் அதைக் கண்டு, கையுறையைக் கூடக் கழற்றாமல் அவசரமாக அணிவிக்கப்போய் அரசியின் தலையலங்காரத்தைக் கலைத்துவிட்டார். அரசி சிரித்து மழுப்பினாலும் வாய்க்குள் முணுமுணுத்ததைக் காம்பான் கேட்டிருக்கிறார்.

இதை வாசித்துவிட்டு வெறும் பைத்தியக்காரத்தனம் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சட்டை கைமாறிய ஒவ்வொரு முறையும் யார் யாருக்கு மேல் என்பது எல்லோர் முன்னிலையிலும் உறுதியானது. அந்த உறுதிதான் பதவி, ஓய்வூதியம், மகளின் வரன் என எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அப்படியானால் இவர்கள் சீமாட்டிகளா, வேலைக்காரிகளா?

இரண்டும்தான். அரசியின் உடலுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறாரோ அவ்வளவு மதிப்பு என்பதால், சட்டை கொடுப்பதும் கைகழுவ நீர் ஊற்றுவதும் பெருங்குடும்பங்கள் போட்டியிட்டுப் பெறும் பதவிகளாக இருந்தன. காம்பான் இந்த வரிசையில் பிரபுகுலத்தவர் அல்லர்; வெளியுறவு அலுவலக அதிகாரி ஒருவரின் மகள். பல மொழிகள் கற்ற அவர், பதினைந்து வயதளவில் பதினைந்தாம் லூயியின் மகள்களுக்கு நூல்களைப் படித்துக் காட்டும் பெண்ணாக அரண்மனைக்குள் நுழைந்தவர்.

நாவலாசிரியராகப் புகழ்பெற்றிருந்த ஃபேனி பர்னி 1786-இல் இங்கிலாந்து அரசி ஷார்லட்டின் ஆடைக் காப்பாளர்களில் இரண்டாமவராக, ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியத்தில் சேர்ந்தார். காலை ஆறு மணிக்கு எழுந்து, ஏழரை மணி வாக்கில் வரும் முதல் அழைப்புக்குக் காத்திருந்து, நள்ளிரவு வரை ஓய்வில்லாமல் இருந்த வேலை அது. மணியடித்துக் கூப்பிடுவதே அவரை மிகவும் புண்படுத்தியது. உடல் நலிந்து 1791-இல் விலகினார். அரண்மனைக்குள் வருவதற்கு முன்பே, அரசர் குடும்பத்தின் முன் இருமக் கூடாது, தும்மக் கூடாது, தலையில் ஊசி குத்தினாலும் எடுக்கக் கூடாது என்று நகையாடிக் கடிதம் எழுதியவர் அவர். அந்த நகைச்சுவையெல்லாம் பின்னால் அவருக்கே வாழ்க்கையாகிப் போனது.

கல்யாணத்தில் இவர்களுடைய விருப்பத்தைக் கேட்டார்களா?

பொதுவாக இல்லை. வில்ஹெல்மினேயின் தாய் அவரை இங்கிலாந்து இளவரசருக்குக் கொடுக்கப் பல ஆண்டுகள் முயன்றார். தந்தை பிரெடரிக் வில்லியம் வேறு கணக்குப் போட்டார். இதற்கிடையில் 1730-இல் தம்பி பிரெடரிக், தந்தையின் கொடுமை தாங்காமல் தப்பியோட முயன்று பிடிபட்டார். அவருக்கு உதவிய நண்பர் காட்டெ, பிரெடரிக் சிறைப்பட்டிருந்த கூஸ்ட்ரின் கோட்டையிலேயே தலை வெட்டப்பட்டார். தந்தை காட்டும் மாப்பிள்ளைக்குச் சம்மதித்தால் தம்பிக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்ற பேரத்தில், 1731-இல் வில்ஹெல்மினே பைராய்ட் என்ற சிறு நாட்டின் வாரிசை மணந்தார். தாய் அந்தச் சம்மதத்தை மன்னிக்கவே இல்லை என்று அவர் எழுதுகிறார்.

கேத்தரீன் விஷயத்தில் பெயரே மாறியது. 1729-இல் ஷ்டெட்டின் நகரில் சோஃபியாகப் பிறந்தவர், 1744-இல் ரஷ்யாவுக்கு அழைக்கப்பட்டு, ரஷ்ய மொழி கற்று, மதம் மாறி, கேத்தரீனாகி, மறு ஆண்டு பதினாறு வயதில் பட்டத்து வாரிசான பீட்டரை மணந்தார். ஆனால் இவரிடம் ஒரு வேறுபாடு உண்டு. கணவர் மீது பெரிய ஆசை இல்லாவிட்டாலும் மணிமுடி மீது இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

பெற்ற குழந்தைகளைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறார்கள்? பாசமே இல்லையா?

பாசம் இல்லை என்பதைவிட, குழந்தை கைக்கு வரவே இல்லை என்பது பல இடங்களில் உண்மை. 1754-இல் கேத்தரீனுக்கு மகன் பால் (Paul) பிறந்ததும், அப்போது ரஷ்யாவை ஆண்டுவந்த பேரரசி எலிசபெத் குழந்தையைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் குழந்தையின் பின்னால் போக, பிரசவித்தவர் குளிர்காற்று வீசும் கதவுகளுக்கிடையில் பல மணி நேரம் கிடந்து, குடிக்க நீர் கேட்டும் கிடைக்காமல் தவித்ததாக எழுதுகிறார். மகனைச் சரியாகப் பார்க்கவே சுமார் நாற்பது நாள் ஆயிற்று. பரிசாகத் தங்கத் தட்டில் 1,00,000 ரூபிளுக்கான ஆணை வந்தது. சில நாளில் கருவூலத்தில் பணம் இல்லை என்று சொல்லி அதையும் கடனாகத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்!

லா தூர் து பான் சீமாட்டி இதற்கு நேர்மாறு. குழந்தைகளின் இறப்பைப் பற்றி அவர் எழுதும் வரிகள் மிகக் குறைவு. ஆனால் அந்த இடங்களில் நடை தடுமாறுவது தெரியும். அவருடைய பிள்ளைகளில் அவருக்குப் பின்னும் உயிரோடிருந்தவர் ஒரே ஒரு மகன்தான்.

தந்தை கன்னத்தில் அடித்தார், மயங்கி விழுந்தேன் என்றெல்லாம் வில்ஹெல்மினே எழுதுகிறாரே, நம்பலாமா?

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வரலாற்றாசிரியர்களான ராங்கேயும் ட்ராய்சனும் இந்நூலைக் கடுமையாகச் சோதித்துப் பல பிழைகளைக் காட்டினார்கள். தேதிகள் பிசகுகின்றன, தான் உடனிருக்காத உரையாடல்கள் சொல்லுக்குச் சொல் வருகின்றன, பிரதிக்குப் பிரதி காட்சிகள் மாறுகின்றன. அவர் எழுதித் திருத்திக்கொண்டிருந்த 1740-களின் நடுப்பகுதியில் அரசராகிவிட்ட தம்பியோடு மனத்தாங்கலும் இருந்தது. அந்தக் கசப்பு பழைய நாட்களின் மீதும் படிந்திருக்கிறது.

ஆனாலும் தந்தை பிள்ளைகளைக் கைநீட்டி அடிப்பவர் என்பதற்கு அக்கால வெளிநாட்டுத் தூதர்களின் அறிக்கைகளும் சாட்சி சொல்கின்றன. ஆகவே என் முடிவு இதுதான்: எந்த நாள், எந்த அறை, யார் என்ன சொன்னார் என்பதற்கு அவரை மட்டும் நம்ப வேண்டாம், அந்த வீட்டில் காலடி ஓசை கேட்டால் பிள்ளைகள் எப்படி ஒடுங்கினார்கள் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அரசியலில் பெண்களுக்குப் பங்கு இல்லை என்றுதானே பள்ளியில் படித்தோம்?

தாஷ்கோவாவைப் படித்தால் அந்த எண்ணம் மாறும். 1762-இல் கேத்தரீன் தன் கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தபோது, பத்தொன்பது வயது தாஷ்கோவா படையினர் உடை அணிந்து அவரோடு குதிரையில் போனார். இவருடைய உடன்பிறந்த அக்காளே பீட்டரின் ஆசைநாயகி என்பதை நினைத்தால் அந்தத் துணிச்சலின் அளவு புரியும். 1783-இல் ரஷ்ய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், அதே ஆண்டு ரஷ்ய மொழிக்கென நிறுவப்பட்ட கழகத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். பாரிசில் இவரைச் சந்தித்திருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஆதரவில், 1789-இல் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்சிக் கவிழ்ப்பின் சூத்திரதாரி தானே என்பது போல் தாஷ்கோவா எழுதுகிறார். கேத்தரீனோ, கவிழ்ப்பு நடந்த சில வாரங்களில் தன் முன்னாள் காதலர் போனியாத்தோவ்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்கிறார். நூலை யாருக்காக எழுதினார்கள் என்று முதல் விடையில் சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சுவையாக எழுதியவர்கள் உடனே ஏன் அச்சிடவில்லை?

பெயர் சொல்லப்பட்டவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள் உயிரோடிருந்தார்கள். பிரபுகுலப் பெண் தன் பெயரில் நூல் வெளியிடுவது தகுதிக் குறைவு என்ற எண்ணமும் இருந்தது. 1758-இல் மறைந்த வில்ஹெல்மினேயின் நூல் 1810-இல்தான் வெளிவந்தது. கேத்தரீனுடையதை 1859-இல் லண்டனில் நாடுகடந்து வாழ்ந்த ரஷ்ய எழுத்தாளர் ஹெர்சன் அச்சிட்டார். பால் பீட்டருக்குப் பிறந்தவர் அல்லர் என்ற குறிப்பு அதில் இருந்ததால், பாலின் வழிவந்த அரசர்கள் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் களவாகப் படியெடுக்கப்பட்டுக் கைமாறிய பிரதிகளில் ஒன்று கவிஞர் புஷ்கினிடமும் இருந்தது. லா தூர் து பான் நூலைக் கொள்ளுப்பேரன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளியிட்டார். விதிவிலக்கு பிரெஞ்சு எழுத்தாளர் ழான்லி சீமாட்டி: எண்பதை நெருங்கிய வயதில், 1825-இலிருந்து பத்துத் தொகுதிகளாகத் தாமே வெளியிட்டார்.

எரிந்துபோனவையும் உண்டு. அம்மைக்குத் துருக்கியர் முறையில் ஊசி குத்துவதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த மேரி மான்டேகு சீமாட்டி பல ஆண்டு எழுதிய நாட்குறிப்பை அவருடைய மகளே குடும்ப மானம் கருதித் தீயிட்டார். தாஷ்கோவாவின் மூலப்பிரதியை, அவருடைய இளம் ஐரிஷ் தோழி மார்த்தா வில்மட் 1808-இல் ரஷ்யாவிலிருந்து கிளம்பும்போது சோதனைக்கு அஞ்சி எரித்துவிட்டார். முன்னதாகவே ஒரு படி நாட்டைவிட்டு வெளியேறியிருந்ததால் 1840-இல் ஆங்கிலத்தில் நூல் வந்தது.

போலி நினைவுக்குறிப்புகளும் இருக்கின்றனவாமே? எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறைய. புரட்சிக்குப் பின் பழைய அவைக் கதைகளுக்குப் பாரிசில் நல்ல விற்பனை இருந்தது. 1830-களில் வந்த கிரேக்கி சீமாட்டியின் நினைவுகள் அவர் எழுதியவை அல்ல. கூர்ஷாம் என்பவரின் கைவண்ணம். பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி து பாரி அம்மையாரின் பெயரில் 1829-இல் வந்தவற்றை எழுதியவர் லாமோத் லாங்கோன். முதலில் பார்க்க வேண்டியது கையெழுத்துப் பிரதி எங்கே இருக்கிறது என்பதை. பிறகு, எல்லாப் பிரபலங்களும் தவறாமல் வந்து நகைச்சுவை சொல்லிவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள். உண்மையான வாழ்க்கையில் அத்தனை பேர் வரிசையாக வருவதில்லை.

உண்மைக்கும் போலிக்கும் நடுவில் நிற்பது எப்பினே சீமாட்டியின் நூல். அவர் எழுதியது கற்பனைப் பெயர்களோடு கூடிய தன்வரலாற்று நாவல். 1818-இல் பதிப்பித்தவர், அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு ரூசோ, கிரிம் என்று அக்கால எழுத்தாளர்களின் உண்மைப் பெயர்களைப் போட்டு நினைவுக்குறிப்பு என விற்றார்.

ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று மரி அந்துவானெத் சொன்னது எந்த நூலில் வருகிறது?

அவர் சொன்னதாகக் காம்பான் எழுதவில்லை. ரூசோ தன் தன்வரலாற்றில் பெயர் சொல்லாமல் ஒரு பெரிய இளவரசி சொன்னதாக எழுதுகிறார். அந்தப் பகுதியை அவர் எழுதிய 1760-களில் மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் சிறுமி. புவாஞ் சீமாட்டியோ அதையொத்த பேச்சைப் பதினைந்தாம் லூயியின் மகள் விக்டோரின் வாயில் வைக்கிறார்.

புரட்சி வந்ததும் இவர்களுக்கு என்ன ஆயிற்று?

லா தூர் து பான் சீமாட்டியின் தந்தையும் மாமனாரும் 1794 ஏப்ரலில் கில்லட்டினில் மடிந்தார்கள். அவர் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் போர்தோ துறைமுகத்திலிருந்து சிறு கப்பலில் ஏறி பாஸ்டனில் இறங்கி, நியூயார்க் மாநிலத்து ஆல்பனி அருகே பண்ணை வாங்கினார். பசு கறந்து, வெண்ணெய் கடைந்து, அதில் குடும்ப முத்திரையை அழுத்திச் சந்தைக்கு அனுப்பினார். ஒரு நாள் முற்றத்தில் கோடரியோடு ஆட்டுத்தொடையை வெட்டிக்கொண்டிருக்கும்போது, இவ்வளவு கம்பீரமாக யாரும் இந்த வேலையைச் செய்ததில்லை என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பினால், பின்னாளில் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சரான தாலேரான் நின்றிருந்தார். இந்தக் காட்சியை விரும்பி மேற்கோள் காட்டுபவர்கள், அந்தப் பண்ணையில் அடிமைகளை விலைக்கு வாங்கி வேலை வாங்கினார்கள் என்பதைச் சொல்வதில்லை. அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1796-இல் ஐரோப்பா திரும்பும்போது அவர்களை விடுவித்ததையும் எழுதியிருக்கிறார்.

காம்பான், கையில் ஒரு 500 பிராங்க் தாளோடு நின்றதாகச் சொல்லி, ஸான் ழெர்மானில் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நெப்போலியனின் வளர்ப்பு மகள் ஓர்த்தான்ஸ் அங்கே படித்தவர். அரசியிடம் கற்ற நடைமுறைகளையே புதிய ஆட்சியின் மகள்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார்.

இந்தக் கதைகளில் நம் ஊர் எங்காவது வருகிறதா?

ஓரமாக வருகிறது. 1760-இல் வந்தவாசியில் தோற்று, மறு ஆண்டு புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்து, 1766-இல் பாரிசில் தலை வெட்டப்பட்ட பிரெஞ்சுத் தளபதி லாலியின் மகன், லா தூர் து பான் குடும்பத்தில் நெருங்கிப் பழகியவர். சீமாட்டியின் கணவருக்குச் சிற்றன்னை முறையான ஏனேன் இளவரசியின் வாழ்நாள் துணைவர் அவர்தான். மேலே சொன்ன தாலேரான் 1802-இல் மணந்த கேத்தரீன் கிராண்ட் பிறந்த ஊர் தரங்கம்பாடி.

எழுதியதைச் சோதிக்கலாம், சரி. எழுதாமல் விட்டதை எப்படிப் படிப்பது?

நூல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கேத்தரீன் 34 ஆண்டுகள் ஆண்டார்; தன் வாழ்க்கையைப் பலமுறை தொடங்கித் திருத்தி எழுதினார். கடைசிப் பிரதியை எழுதிய 1790-களில் அவருக்கு வயது அறுபதுக்கு மேல். சொல்ல வேண்டியதில் மிகப் பெரியது, 1762-இல் கணவர் பதவியிழந்ததும் சில நாட்களில் காவலில் இறந்ததும்தான்.

அந்தப் பிரதி 1758-ஆம் ஆண்டுச் சம்பவங்களோடு அறுந்து போகிறது. தன்னைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடும்படி பேரரசி எலிசபெத்தின் காலில் விழுந்து கேட்கிறார். கணவர் அறையில் இருக்கிறார். அலங்கார மேசையின் தங்கத் தாம்பாளத்தில் கேத்தரீன் எழுதிய கடிதங்கள் அவர்மீதான சந்தேகத்துக்குச் சாட்சியாகக் கிடக்கின்றன. இத்தனை நுணுக்கமாக அந்த இரவை எழுதியவர், அதற்கடுத்த சந்திப்பைத் தொடங்கிய இடத்திலேயே பேனாவை வைத்துவிட்டார்.